செருமினால் போகாது

மூக்கடைப்பு பற்றிப் போன மாதம் எழுதினேன். வந்த கடிதங்களோ மூக்கில் நிற்காமல் தொண்டைக்கு இறங்கிவிட்டன. "துப்பினால் வரவில்லை, விழுங்கினால் போகவில்லை, ஏதோ ஒட்டிக்கொண்டே இருக்கிறது" என்று பலர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த முறை முழுக்கத் தொண்டைச் சளிதான்.

கேள்வி: ஒரு மனுஷிக்குள் இவ்வளவு சளி எங்கிருந்துதான் ஊறுகிறது, டாக்டர்?
— பள்ளி ஆசிரியை, விருதுநகர்

பதில்: நல்ல உடம்பிலிருந்துதான் ஊறுகிறது, டீச்சர். நோயே இல்லாத மூக்கும் அதைச் சுற்றியுள்ள காற்றறைகளும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் சுரக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். மீதி உப்பு, வழவழப்புத் தரும் புரதம், கிருமியை மடக்கும் எதிர்ப்புப் பொருள்கள். மூக்கின் உள்தோலில் உள்ள நுண்மயிர்கள் இந்தப் படலத்தை நிமிடத்துக்கு அரை சென்டிமீட்டர் வேகத்தில் பின்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புத் தூசி, கரும்பலகைத் தூசி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்விடும். நீங்கள் பாடம் நடத்திக்கொண்டே அதை விழுங்கிவிடுவீர்கள், தெரியவே தெரியாது.

ஆகவே "ஏன் வருகிறது" என்பதை விட்டுவிட்டு, "இத்தனை நாள் தெரியாதது இப்போது ஏன் தெரிகிறது" என்று கேளுங்கள். அளவு கூடியிருக்கலாம். அளவு அதேதான், ஆனால் தண்ணீர் குறைந்து கெட்டியாகியிருக்கலாம். அல்லது சளியில் ஒரு மாற்றமும் இல்லை, தொண்டைத் தோல் புண்பட்டுப்போனதால் வழக்கமான சளியே பாரமாகத் தெரியலாம். இந்த மூன்றாவதைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சளியே இல்லாத தொண்டைக்குச் சளி மருந்து குடித்துக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: துப்புவதா, விழுங்குவதா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: விழுங்கலாம். வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். நெஞ்சிலிருந்து வரும் சளியை மட்டும் ஒரு காகிதத்தில் துப்பி நிறத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்திருக்கிறதா என்று தெரிய வேறு வழியில்லை. தெருவில் துப்பாதீர்கள்.

கேள்வி: முப்பது வருடம் பஸ்ஸில் கத்தி டிக்கெட் கொடுத்தேன். இப்போது வீட்டில் உட்கார்ந்து செருமிக்கொண்டே இருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. மனைவி திட்டுகிறாள். செருமாவிட்டால் மூச்சே முட்டுவது போல இருக்கிறது.
— ஓய்வுபெற்ற கண்டக்டர், திருச்சி

பதில்: ஐயா, செருமும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு குரல் நாண்களும் ஒன்றோடொன்று வேகமாக மோதி உரசுகின்றன. நாளைக்கு நூறு, இருநூறு முறை மோதினால் அவை வீங்கும். வீங்கிய இடத்தைக் காப்பாற்ற உடம்பு அதன்மேல் இன்னும் கொஞ்சம் வழவழப்பைச் சுரக்கும். அதுவும் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும், மறுபடி செருமுவீர்கள். சளியால் செருமத் தொடங்கியது என்றைக்கோ முடிந்துவிட்டது. இன்றைக்குச் செருமலால்தான் சளி வந்துகொண்டிருக்கிறது.

நிறுத்துவதற்கு மன உறுதி மட்டும் போதாது, மாற்று வேண்டும். செரும வேண்டும் என்று தோன்றியதும் ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, அழுத்தி விழுங்குங்கள். தண்ணீர் கையில் இல்லையென்றால் எச்சிலை அப்படி விழுங்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அதுபோல் சத்தமில்லாமல் "ஹா" என்று மூச்சை விட்டு, பிறகு விழுங்குங்கள். முதல் மூன்று நாள் கஷ்டமாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். அம்மாவிடமும் ஒரு வேண்டுகோள்: திட்டுவதற்குப் பதில் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வையுங்கள். நான் பார்த்தவரை இதில் வீட்டார் துணை நிற்பவர்கள்தான் சீக்கிரம் விடுபடுகிறார்கள்.

கேள்வி: பேத்திக்குச் சளி என்றால் பாலை நிறுத்திவிடுகிறேன். மருமகள் சண்டைக்கு வருகிறாள். யார் பக்கம் நியாயம்?
— ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: மருமகள் பக்கம், அம்மா. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 60 பேருக்கு ஜலதோஷ வைரஸை மூக்கில் செலுத்தி, அவர்கள் குடித்த பாலைக் கணக்கெடுத்து, சிந்திய மூக்குச் சளியை எடை போட்டார்கள். பாலே தொடாதவர்களும் இருந்தார்கள், ஒரே நாளில் 11 கிளாஸ் வரை குடித்தவர்களும் இருந்தார்கள். பாலுக்கும் சளி எடைக்கும் தொடர்பு தென்படவில்லை. 1990-இல் வெளிவந்த ஆய்வு இது.

உங்களுக்கு அப்படித் தோன்றியதில் தப்பில்லை. பால் எச்சிலோடு கலந்ததும் கொஞ்சம் கெட்டிப்பட்டு நாக்கிலும் தொண்டையிலும் படலமாக நிற்கும், அது சளி போலவே இருக்கும். 12-ஆம் நூற்றாண்டில் யூத மருத்துவர் மைமோனிடிஸும் பாலைக் குறை சொன்னார், உங்கள் பாட்டியும் சொன்னார். பால் குடித்தபின் இரண்டு வாய் வெந்நீர் கொடுத்தால் அந்தப் படலம் போய்விடும். பாலே ஒவ்வாத குழந்தை என்றால் அது வேறு கதை. படுக்கையில் கிடத்தியபடி பால் புகட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாது. தொண்டைச் சளி என்று போனால் வயிற்று மாத்திரை எழுதித் தருகிறார்கள். ஒரு வருடமாக விழுங்குகிறேன். தொண்டைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?
— மென்பொருள் ஊழியர், சென்னை, பழைய மாமல்லபுரம் சாலை

பதில்: சம்பந்தம் உண்டு தம்பி, ஆனால் ஒரு வருட மாத்திரைக்குப் போதுமான சம்பந்தமா என்பதுதான் கேள்வி.

வயிற்றில் இருப்பது எதுக்களித்துத் தொண்டைவரை வருவது உண்மை. அமிலத்தோடு பெப்சின் என்ற செரிமானப் பொருளும் ஏறி வரும். உணவுக்குழாய் இதைக் கொஞ்சம் தாங்கும், குரல்வளைத் தோலுக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. அதனால் நெஞ்சு எரியாமலே தொண்டை புண்படலாம். காலையில் குரல் கம்மியிருப்பது, சாப்பிட்டதும் செருமல் கூடுவது, குனிந்தால் புளிப்பு ஏறுவது எல்லாம் அதன் அடையாளம்.

ஆனால் தொண்டையில் எது இருந்தாலும் வயிற்றின் தலையில் கட்டும் பழக்கம் எங்கள் தொழிலில் வளர்ந்துவிட்டது. பிரிட்டனில் தீராத தொண்டைத் தொல்லை உள்ள 346 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு லான்சபிரசோல் மாத்திரையும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் தினம் இருவேளை 16 வாரம் கொடுத்தார்கள். இரு பக்கமும் ஒரே அளவுதான் தேறியது. 2021-இல் வந்த முடிவு. நெஞ்செரிச்சல் இருப்பவருக்கு அந்த மாத்திரை வேலை செய்யும். உங்களைப் போல் அது இல்லாதவர் வருடக்கணக்கில் விழுங்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. எழுதித் தந்தவரிடம் திரும்பப் போய், இதை எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள்.

நீங்களே செய்ய வேண்டியது கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்குப் பரோட்டா, பதினொன்றரைக்குப் படுக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலக் கட்டை வையுங்கள். இரண்டு தலையணை போட்டால் கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் நசுங்கும். ஒருக்களிப்பதென்றால் இடப்பக்கம்.

கேள்வி: கஷாயத்தை உங்களைப் போன்ற ஆங்கில மருத்துவர்கள் மதிப்பதே இல்லை. ஆடாதொடையும் திரிகடுகமும் போதாதா?
— சித்த மருத்துவத்தில் பற்றுள்ளவர், திருநெல்வேலி

பதில்: நான் மதிக்கிறேன், ஐயா. ஆடாதொடை இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான் ப்ரோம்ஹெக்ஸின். அது உடம்புக்குள் போய் மாறும் வடிவம்தான் அம்ப்ராக்சால். சளி இருமலுக்கு இன்று கடையில் விற்கும் சிரப்புகளில் பலவற்றின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், இவ்விரண்டில் ஒன்று இருக்கும். நம் வேலியோரத்துச் செடி அது.

மிளகு ரசம் குடித்ததும் மூக்கு ஒழுகுவதும் பிரமை அல்ல. காரம் வாயிலும் மூக்கிலும் உள்ள நரம்பைத் தூண்ட, நீர்த்த சளி சுரந்து கெட்டிச் சளியை இளக்கும். இரண்டு எச்சரிக்கை மட்டும். கர்ப்பிணிகளுக்கு ஆடாதொடை ஆகாது, அது கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. மேலே சென்னைத் தம்பிக்குச் சொன்ன எதுக்களிப்பு இருப்பவர் வெறும் வயிற்றில் காரக் கஷாயம் குடித்தால் தொண்டை இன்னும் எரியும். சளி போகவில்லையே என்று அவர் மிளகைக் கூட்டிக்கொண்டே போவார்.

கேள்வி: ஆவி பிடித்தால் சளி கரையுமா?
— இல்லத்தரசி, வேலூர்

பதில்: கரையாது. கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். தைலம் போட்டால் மூக்கு திறந்தது போலிருப்பதற்குக் காரணம், மென்தால் அங்குள்ள குளிர் உணரும் நரம்பைத் தொடுவதுதான். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். பெரியவர்கள் வேண்டுமானால் பிடியுங்கள். குழந்தையைப் போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தோடு ஒருபோதும் உட்கார வைக்காதீர்கள். கவிழ்ந்த அண்டாவால் வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன், மறக்க முடியவில்லை.

கேள்வி: காலையில் எழுந்ததும் பத்து தும்மல். பிறகு பகல் முழுக்க மூக்கின் பின்பக்கமிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். சொட்டு மருந்து மூன்று வருடமாகப் போடுகிறேன், அது இல்லாமல் தூக்கமில்லை.
— தையல் தொழிலாளி, திருப்பூர்

பதில்: உங்களுக்கு இரண்டு நோய். ஒன்று நீங்களாக வாங்கியது, அதை முதலில் விடுவோம். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகள் ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாதவை. ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும், வேகம் தீர்ந்ததும் முன்பைவிட அதிகம் வீங்கும். அந்த வீக்கத்துக்கு மறுபடி சொட்டு. ஒரு பக்க மூக்குக்கு மட்டும் நிறுத்துங்கள். அது ஒன்றிரண்டு வாரத்தில் தேறியதும் மறுபக்கத்தையும் நிறுத்துங்கள். இடைக்காலத்துக்கு மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே தருவார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால், நுனி காதுப் பக்கம் பார்க்க அடியுங்கள். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் வரும். இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும், அன்றைக்கே பலன் காட்டும் மருந்தல்ல.

இரண்டாவது, ஒவ்வாமை. பஞ்சுத் தூசியோடு வேலை, பஞ்சுத் தலையணையில் தூக்கம். தலையணைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி வாழ்கிறது, அதன் எச்சம்தான் காலைத் தும்மல். வாரம் ஒருமுறை உறைகளைக் கை பொறுக்காத வெந்நீரில் துவையுங்கள். வேலையில் முகக்கவசம் போடுங்கள். கொசுவர்த்தியை அறையை விட்டு வெளியேற்றுங்கள். ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் அளந்து சொன்னார்கள். பூட்டிய அறையில் இரவு முழுக்க அதை மூச்சில் இழுத்துவிட்டுக் காலையில் சளிக்குக் காரணம் தேடுகிறோம். வலை கட்டுங்கள்.

மூக்கை உப்புநீரால் கழுவுவது எனக்கு மிகப் பிடித்த வைத்தியம், செலவும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர், ஏறக்குறைய 240 மில்லி, அரைத் தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குழாய்த் தண்ணீரில் அபூர்வமாக இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய் நீரால் மூக்கு கழுவிய இருவர் அப்படி இறந்தார்கள்.

கேள்வி: பச்சையாகச் சளி வந்தால் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டுமா?
— மளிகைக் கடைக்காரர், கரூர்

பதில்: பச்சை நிறம் நம் வெள்ளணுக்களின் நொதியால் வருகிறது. சாதாரண ஜலதோஷத்திலும் மூன்றாம் நாள் பச்சை வரும், தானே போகும். பத்து நாள் தாண்டியும் முகவலி, காய்ச்சல் என்றால் மருத்துவரைப் பாருங்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீர்கள்.

கேள்வி: பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தைக்குத் தொண்டையில் கர்கர் சத்தம். குளிப்பாட்டும் அம்மா மூக்கில் எண்ணெய் விட்டு ஊதிச் சளி எடுக்கிறார். தொக்கம் எடுக்கவும் சொல்கிறார்கள்.
— இளம் தாய், தர்மபுரி

பதில்: இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள் கண்ணு. குளிப்பாட்டும் அம்மாவின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை, அந்த எண்ணெயைத்தான் வேண்டாம் என்கிறேன். மூக்கில் விட்டது நுரையீரலுக்கு இறங்கினால் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது. எண்ணெயால் வரும் நிமோனியா பற்றித் தென்னிந்திய மருத்துவர்கள் 1973-லேயே எழுதிவிட்டார்கள், அரை நூற்றாண்டு கழித்தும் நாம் ஊதிக்கொண்டிருக்கிறோம். தொண்டைக்குள் விரலும் குழலும் விட்டு எடுப்பது இன்னும் ஆபத்து. சேனை என்று தேன் தொட்டு வைப்பதும் ஒரு வயதுவரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமி பச்சிளம் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

இந்த வயதில் மூக்குத் துவாரம் அவ்வளவு சிறியது, துளி சளியும் கர்கர் என்று கேட்கும். பால் நன்றாகக் குடித்து, நன்றாகத் தூங்கி, எடை ஏறினால் எதுவும் செய்ய வேண்டாம். பால் குடிக்கத் திணறினால் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு ஒன்றிரண்டு போதும். விலா எலும்பு உள்வாங்க மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பூத்தாலோ நேரே மருத்துவமனை, நடுராத்திரியானாலும்.

கேள்வி: அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. தொண்டையில் ஒரு உருண்டை நிற்கிறது. சாப்பிடும்போது மட்டும் இல்லை. சளி என்று நினைத்து இரண்டு டாக்டரைப் பார்த்துவிட்டேன்.
— பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: அம்மா, துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நம் மொழி சும்மா சொல்லவில்லை. உணவுக்குழாயின் வாசலில் வளையம்போல் ஒரு தசை இருக்கிறது. மனம் இறுகினால் அதுவும் இறுகும். எச்சிலை விழுங்கினால் உருண்டை தெரியும், சோற்றை விழுங்கினால் காணாமல் போகும். நீங்கள் எழுதியது அப்படியே அதுதான். சாப்பாடே சிக்கினால்தான் கவலைப்பட்டு உள்நோக்கிப் பார்க்க வேண்டும். வெறும் எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்கிச் சோதிக்காதீர்கள், இறுக்கம் கூடும். வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து தொண்டையைத் தளர்த்துங்கள். அவரைப் பற்றிப் பேச யாராவது இருக்கிறார்களா? இருந்தால் பேசுங்கள். இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், படிப்பேன்.

கேள்வி: பிரஷர் மாத்திரைக்கும் தொண்டைக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: எனலாப்ரில், ராமிப்ரில் வகை என்றால் உண்டு. சிலருக்குத் தொண்டை அரித்துக்கொண்டே வறட்டிருமல் வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், வேறு வகைக்கு மாற்றித் தருவார்கள்.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு மேல் சளியோடு இருமல். பீடி குடிப்பவன், அதனால்தான் என்று விட்டுவிட்டேன்.
— கட்டடத் தொழிலாளி, கள்ளக்குறிச்சி

பதில்: விடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காலையில் வெறும் வயிற்றில், ஆழமாக இருமி, எச்சில் இல்லாமல் சளியை எடுத்துக் கொடுங்கள். வெறும் எச்சிலைக் கொடுத்துவிட்டு "ஒன்றுமில்லையாம்" என்று திரும்பியவர்கள் உண்டு. பீடியை நிறுத்தினால் முதலில் சில வாரம் சளி கூடுதலாக வரலாம். புகையில் செயலிழந்த நுண்மயிர்கள் மறுபடி வேலை தொடங்குகின்றன. அதைப் பார்த்துப் பயந்து திரும்பவும் பற்றவைக்காதீர்கள்.

கேள்வி: அப்பா தெருமுனை திரும்பும்போதே அவர் செருமல் கேட்கும், அம்மா காபிக்கு அடுப்பு மூட்டுவார். இரண்டு மாதமாக அந்தச் செருமலின் சத்தமே மாறிவிட்டது, குரல் கரகரவென்று இருக்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடுவார். கேட்டால் "சளிதான் பாப்பா" என்கிறார்.
— மகள், மதுரை

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. குரல் மாற்றம் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையை நேரில் பார்த்தே தீர வேண்டும், புகையிலை போடுபவர் என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்ப்போம். சில நிமிடம்தான், மயக்க மருந்து வேண்டாம், பார்த்ததும் வீட்டுக்குப் போகலாம். விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காது வலி, கழுத்தில் கட்டி, மெலிவு, இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்பாக்கள் மகளிடம் சொல்லாததும் அங்கே தெரிந்திருக்கும்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இரண்டு மாதக் கரகரப்புக்கு நாண் வீக்கம், சிறு கட்டி, எதுக்களிப்பு என்று எளிய காரணங்களும் உண்டு. புற்றுநோயாகவே இருந்தாலும், குரல் நாணில் வருவது குரலை மாற்றிச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். தொடக்கத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம், பலருக்குக் குரலும் தங்கும். புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லி அழைத்தால் வர மாட்டார். அவர் சொல்லும் சளியையே காரணம் சொல்லி அழைத்துப் போங்கள். திங்கட்கிழமை காலையிலேயே. பார்த்துவிட்டு அங்கிருக்கும் மருத்துவரும் "சளிதான்" என்று சொன்னால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வேறு எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.